வாக்குறுதியின் ஆயுள்: சிங்கப்பூர், மலேசியா நாடுகளில் தூய்மை வாகன ஊக்கத் திட்டங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளோடு மலேசியச் சாலைகளில் நாற்பதாண்டுக் கால முயற்சியொன்று முடிவுக்கு வந்தது. இயற்கை எரிவாயுவைக் கொண்டு ஓடும் வாகனங்களுக்கு எரிவாயு விற்பதும் அவ்வாகனங்களைப் பதிவு செய்வதும் அன்றோடு நிறுத்தப்பட்டன. 2024ஆம் ஆண்டின் இறுதியில் இம்முடிவு அறிவிக்கப்பட்டபோது ஏறத்தாழ 44,000 வாகனங்கள் இவ்வகையில் பதிவாகியிருந்தன. நாட்டின் மொத்த வாகனங்களோடு ஒப்பிட்டால் இத்தொகை மிகச் சிறியது. ஆயினும், அவ்வாகனங்களின் உரிமையாளர்களுள் பலர், குறிப்பாக வாடகை வண்டி ஓட்டுநர்கள், தூய எரிபொருளுக்கு மாறுங்கள் என்று அரசு விடுத்த அழைப்பை ஏற்றவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

அதே காலத்தில் மின்சார மகிழுந்துகளுக்கு மாறுமாறு சிங்கப்பூரும் மலேசியாவும் தத்தம் குடிமக்களை அழைத்து வருகின்றன. வரித் தள்ளுபடி, வரிவிலக்கு, பணக்கழிவு எனப் பல வடிவங்களில் ஊக்கங்கள் அறிவிக்கப்படுகின்றன. இவ்வறிவிப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு நாள் உண்டு. வாங்கும் வாகனமோ பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடவேண்டியது. குறுகிய காலத்து வாக்குறுதியை நம்பி நீண்ட காலத்துப் பொருளைக் குடிமக்கள் வாங்குகின்றனர். இவ்விரு கால அளவைகளுக்கும் இடையிலுள்ள முரணே இக்கட்டுரையின் மையப் பொருளாகும்.

அரசு தரும் ஊக்கம் எத்தகையது? ‘தூய்மை’ என்பதை அரசு எவ்வாறு அளந்தது? அளவுகோல் மாறியபோது சுமை யார் தோளில் விழுந்தது? இம்மூன்று வினாக்களுக்கும் 1975 முதல் இன்று வரையிலான இரு நாட்டு ஆட்சி வரலாற்றைக் கொண்டு விடை காண முயல்கிறோம். வாகனத் தொழில்நுட்பத்தின் நுட்பங்கள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

‘ஊக்கம்’ – சொல்லும் பொருளும்

வரலாற்றுக்குள் நுழையுமுன் சொல்லைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்பது தகும். திருக்குறளின் 60ஆம் அதிகாரம் ‘ஊக்கமுடைமை’ என்னும் தலைப்பினது. ஊக்கம் என்பது அங்கு ஒருவரது உள்ளத்தில் ஊறுவது. அவரே உடைமையாகக் கொள்ளத்தக்கது. ஆட்சித் தமிழில் இச்சொல் வேறொரு பொருளைப் பெற்றது. ஊக்கத்தொகை, ஊக்கச் சலுகை என்னும் தொடர்களில் ஊக்கம் புறத்தேயிருந்து ஒருவர் மற்றவர்க்கு அளிப்பதாயிற்று. அளிப்பவர் நினைத்தால் அதனைத் திரும்பப் பெறவும் கூடும். இப்பொருள் மாற்றத்திலேயே நம் கட்டுரைப் பொருளின் ஒரு கூறு அடங்கியுள்ளது எனலாம்.

‘கழிவு’ என்னும் சொல்லும் இத்தகையதே. வரியில் குறைக்கப்படும் தொகையையும் கழிவு என்கிறோம். வாகனம் வெளியிடும் வேண்டாப் பொருளையும் கழிவு என்கிறோம். ஒரே பாடத்தில் இவ்விரு பொருளும் வருமானால் மாணவர் தடுமாறுவர். இக்கட்டுரையில் முன்னதைப் பெரும்பாலும் ‘தள்ளுபடி’ என்றும் பின்னதை ‘மாசு’ என்றும் குறிப்பிடுகிறோம்.

அரசுகள் தரும் ஊக்கங்களைக் கால நோக்கில் இரண்டாகப் பகுக்கலாம். வாகனம் வாங்கும் நாளிலேயே ஒரே முறையாகத் தந்து முடிக்கப்படுவது ஒரு வகை. பதிவுக் கட்டணத் தள்ளுபடியும் இறக்குமதி வரிவிலக்கும் இவ்வகையின. வாகனம் ஓடும் காலமெல்லாம் சிறிது சிறிதாகக் கிடைப்பது மற்றொரு வகை. குறைந்த எரிபொருள் விலை, குறைந்த சாலை வரி ஆகியன இதில் அடங்கும். முன்னதை ‘முடிந்த ஊக்கம்’ என்றும் பின்னதைத் ‘தொடர் ஊக்கம்’ என்றும் இங்கு அழைப்போம். முடிந்த ஊக்கத்தைப் பெற்றவரிடமிருந்து அரசு அதனைப் பறிப்பதில்லை. தொடர் ஊக்கமோ அரசு தன் மனத்தை மாற்றாதிருக்கும் வரையில்தான் நிற்கும். இவ்வேறுபாடு பின்வரும் வரலாற்றை விளக்குதற்குப் பெரிதும் துணைபுரிகிறது.

சிங்கப்பூர்: தண்டத்திலிருந்து பிறந்த தள்ளுபடி

1975ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் சிங்கப்பூரின் நகர மையத்தில் வட்டார உரிமத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. காலை 7.30 முதல் 9.30 வரை தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழையும் மகிழுந்துகள் நாளொன்றுக்கு 3 வெள்ளி அல்லது திங்களுக்கு 60 வெள்ளி செலுத்தி உரிமச் சீட்டு வாங்கி, கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். 9.30 மணிக்குப் பின் நெரிசல் கூடியதால் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே நேரம் 10.15 வரை நீட்டிக்கப்பட்டது. காலை வேளையில் அப்பகுதிக்குள் நுழைந்த வாகனங்களின் தொகை ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேலாகக் குறைந்தது.

இத்திட்டத்தின் நேரடி நோக்கம் நெரிசலைக் குறைப்பது. எனினும், தூய்மை வாகன ஊக்கத்தின் முன்னோடி இதற்குள்ளேயே இருந்தது. நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ ஏறிவரும் மகிழுந்துக்குக் கட்டணம் இல்லை என அரசு அறிவித்தது. விளைவு சுவையானது. ஓட்டுநர் பலர் வழியிலுள்ள பேருந்து நிறுத்தங்களில் நின்று, முன்பின் அறியாதவர்களை ஏற்றிக்கொண்டு நால்வர் கணக்கை நிறைவு செய்தனர். பயணிக்கு இலவசப் பயணம். ஓட்டுநருக்கு 3 வெள்ளி மிச்சம். அதேவேளையில், நகருக்கு வெளியே மகிழுந்தை நிறுத்திவிட்டுப் பேருந்தில் செல்வதற்கென அமைக்கப்பட்ட நிறுத்துமிடங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன. அரசு கருதிய வழியில் மக்கள் செல்லவில்லை. தமக்கு எளிதான வழியைத் தாமே கண்டனர். 1989ஆம் ஆண்டு இந்த நால்வர் விலக்கு நீக்கப்பட்டது. ஊக்கம் ஒன்று தோன்றி, மக்களின் பழக்கத்தை மாற்றி, பின் திரும்பப் பெறப்பட்ட முதல் நிகழ்வாக இதனைக் கொள்ளலாம்.

1975ஆம் ஆண்டின் மற்றொரு நடவடிக்கையும் ஈண்டு நோக்கத்தக்கது. வாகனம் வாங்குவோர் செலுத்தும் கூடுதல் பதிவுக் கட்டணம் அவ்வாண்டில் வாகனத்தின் சந்தை மதிப்பில் 100 விழுக்காட்டிற்கு உயர்த்தப்பட்டது. 1983இல் அது 175 விழுக்காட்டை எட்டியது. இதனோடு, பத்தாண்டு நிறைவதற்குள் பழைய மகிழுந்தை அகற்றிவிட்டுப் புதியது வாங்குவோர்க்குக் குறைந்த கட்டணம் என்னும் சலுகையும் சேர்க்கப்பட்டது. பழைய வாகனங்கள் அடிக்கடி பழுதுபடும். புகையும் மிகும் என்பது இதன் அடிப்படை. 1990ஆம் ஆண்டு மே முதல் நாள் வாகனப் பங்கீட்டு முறை தொடங்கியபோது, பத்தாண்டுக்குரிய வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெற்றாலன்றி வாகனம் வாங்க இயலாது என்னும் நிலை உருவாயிற்று. 1998இல் உரிமச் சீட்டு முறை மறைந்து, மின்னியல் சாலைக் கட்டண முறை அதனிடத்தைப் பிடித்தது.

இவ்வடிப்படையில் ஒரு கருத்தை முன்வைக்க விழைகிறோம். சிங்கப்பூரின் ஊக்கங்கள் அனைத்தும் அரசே முன்னர் விதித்த கட்டணத்தைக் குறைப்பதிலிருந்து பிறந்தவை. வாங்குவோர் கட்ட வேண்டியதில் ஒரு பகுதியைக் கட்டவேண்டாம் என்று விடுவதே அங்குத் தள்ளுபடி எனப்பட்டது. கட்டணம் உயரமாக இருந்ததாலேயே அதனைக் குறைப்பதற்கு ஆற்றல் இருந்தது. பதிவுக் கட்டணம் குறைவாக உள்ள நாட்டில் இம்முறையை அப்படியே எடுத்தாள இயலாது.

தூய்மையின் மாறும் அளவுகோல்

அரசின் கண்ணுக்கு முதலில் தெரிந்த மாசு ஈயம். பெட்ரோலில் கலந்த ஈயத்தின் அளவு 1980களில் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1987இல் லிட்டருக்கு 0.15 கிராம் ஆயிற்று. 1991இல் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமானது. வரி வேறுபாட்டின் மூலம் அதன் விலை ஈயம் கலந்த பெட்ரோலைவிடக் குறைவாக வைக்கப்பட்டது. 1998இல் ஈயம் கலந்த பெட்ரோல் முற்றாக விலக்கப்பட்டது. இது ஒரு தொடர் ஊக்கம். ஆயினும், நோக்கம் நிறைவேறிய பின்னரே முடிவுக்கு வந்தது. ஊக்கத்தின் இயல்பான, நல்ல முடிவு இவ்வாறே அமைதல் வேண்டும்.

2001ஆம் ஆண்டு ஜனவரியில் பசுமை வாகனத் தள்ளுபடித் திட்டம் தொடங்கியது. மின்சார வாகனங்களுக்கும் ஹைப்ரிட் வாகனங்களுக்கும் அவற்றின் சந்தை மதிப்பில் 20 விழுக்காடு பதிவுக் கட்டணத்தில் கழித்துத் தரப்பட்டது. அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு வாகனங்களும் அவ்வாண்டிலேயே சேர்க்கப்பட்டன. பின்னர் மகிழுந்துகளுக்கான தள்ளுபடி 40 விழுக்காடாக உயர்ந்தது. இங்கு அளவுகோலாக நின்றது வாகனத்தின் பெயர். ‘ஹைப்ரிட்’ என்றோ ‘எரிவாயு’ என்றோ பெயர் பெற்றிருந்தால் போதுமானது; அது உண்மையில் எவ்வளவு மாசை வெளியிடுகிறது என்னும் வினா எழவில்லை. மேலும், தள்ளுபடி விலையின் விழுக்காடாக இருந்தமையால், விலை மிகுந்த வாகனம் வாங்கியவரே மிகுதியாகப் பெற்றார்.

2012ஆம் ஆண்டோடு இத்திட்டம் நிறைவுற்றது. அவ்வாண்டு ஜனவரி முதல் இயற்கை எரிவாயுவுக்குக் கிலோவொன்றுக்கு 20 காசு எனத் தீர்வை விதிக்கப்பட்டது. எரிவாயு வாகனம் வாங்கியவர்க்கு முடிந்த ஊக்கம் கையில் நின்றது. தொடர் ஊக்கம் தேய்ந்தது.

2013ஆம் ஆண்டு ஜனவரியில் கரிம வெளியீட்டின் அடிப்படையில் அமைந்த வாகனத் திட்டம் வந்தது. கிலோமீட்டருக்கு 160 கிராமோ அதற்குக் குறைவாகவோ கரிமவளியை வெளியிடும் மகிழுந்துக்கு 5,000 முதல் 20,000 வெள்ளி வரை தள்ளுபடி. 211 கிராமும் அதற்கு மேலும் வெளியிட்டால் அதே அளவு மிகைக் கட்டணம். மிகைக் கட்டணம் மட்டும் ஆறு திங்கள் கழித்து ஜூலையில் தொடங்கியது. பெயரை விடுத்து வெளியீட்டை அளக்கத் தொடங்கியது பெரிய முன்னேற்றமே. எனினும், ஒரே ஒரு மாசை மட்டும் அளந்ததால் எதிர்பாரா விளைவொன்று ஏற்பட்டது. டீசல் இயந்திரம் பெட்ரோல் இயந்திரத்தைவிடக் குறைந்த கரிமவளியை வெளியிடும்; நுண்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் அதில் மிகுதி. கரிமவளி மட்டுமே கணக்கிடப்பட்டதால் டீசல் மகிழுந்து ‘தூய்மையானது’ என்னும் தகுதியைப் பெற்றது. அவற்றின் எண்ணிக்கையும் வளர்ந்தது. 2017இல் டீசலுக்கு லிட்டருக்கு 10 காசு தீர்வை விதிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த வாகன மாசு வெளியீட்டுத் திட்டம் கரிமவளி, ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, நுண்துகள் ஆகிய ஐந்தையும் அளந்தது. ஐந்தனுள் எது மிக மோசமோ அதுவே வாகனத்தின் தரத்தை முடிவு செய்தது.

இவ்விடைக்காலத்தில், 2016இல் நிகழ்ந்த ஒன்று ஆய்வாளர் கவனத்திற்குரியது. வெளிநாட்டில் பயன்படுத்தப்பட்ட டெஸ்லா மின்சார மகிழுந்தொன்று சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டபோது, அதற்குத் தள்ளுபடி கிடைக்கவில்லை; மாறாக, 15,000 வெள்ளி மிகைக் கட்டணம் விதிக்கப்பட்டது. புகைபோக்கியே இல்லாத வண்டிக்கு மாசுத் தண்டமா என்று உலகச் செய்தித்தாள்கள் வியந்தன. நிலப் போக்குவரத்து ஆணையம் தன் கணக்கை வெளிப்படையாக விளக்கியது. சோதனையில் அவ்வண்டி கிலோமீட்டருக்கு 444 வாட்-மணி மின்சாரம் எடுத்தது. ஒரு வாட்-மணி மின்சாரத்தை உற்பத்தி செய்ய 0.5 கிராம் கரிமவளி வெளியாகிறது எனக் கொண்டால், கிலோமீட்டருக்கு 222 கிராம் ஆகிறது. அது மிகைக் கட்டண வரம்புக்குள் வருகிறது.

சோதனை முறையைப் பற்றி மாற்றுக் கருத்துகள் எழுந்தன. பழைய வண்டி புதிய வண்டிக்குச் சான்றாகுமா என்றும் வினவப்பட்டது. அவ்விவாதம் எவ்வாறாயினும், அதன் வழி வெளிப்பட்ட கோட்பாடு வலிமையானது. வாகனத்தின் மாசு அதன் பின்புறக் குழாயில் முடிவதில்லை. மின் நிலையத்தின் புகைபோக்கி வரை நீள்கிறது. சிங்கப்பூரின் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. மலேசியாவில் நிலக்கரியின் பங்கு இன்றும் பெரிது. ஆகவே, ஒரே மின் வாகனம் இரு நாட்டிலும் ஒரே அளவு தூய்மையானதன்று.

மின் வாகனக் காலம்

2020ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்ட உரையில், 2040க்குள் எண்ணெய் இயந்திர வாகனங்களைப் படிப்படியாக விலக்குவதே இலக்கு எனச் சிங்கப்பூர் அரசு அறிவித்தது. 2021இல் வெளியான பசுமைத் திட்டம் அவ்விலக்கிற்குப் படிகளை அமைத்தது. 2025 முதல் டீசல் மகிழுந்து, டீசல் வாடகை வண்டி ஆகியவற்றின் புதுப்பதிவு நிறுத்தப்பட்டது. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் மகிழுந்துகள் தூய எரிசக்தி வகையினவாக இருத்தல் வேண்டும். அதே ஆண்டுக்குள் 60,000 மின்னேற்ற முனைகள் அமையும்.

ஊக்கத்தின் அளவும் 2021 ஜனவரியில் உயர்ந்தது. கூடுதல் பதிவுக் கட்டணத்தில் 45 விழுக்காடு, 20,000 வெள்ளி உச்சவரம்புடன், மின் மகிழுந்துகளுக்குத் தள்ளுபடி செய்யப்பட்டது. மாசு வெளியீட்டுத் திட்டத்தின் 25,000 வெள்ளியோடு சேர்த்து ஒரு மகிழுந்துக்கு 45,000 வெள்ளி வரை கிடைத்தது. இவ்வுச்சவரம்பு 2024இல் 15,000 வெள்ளியாகவும் 2026இல் 7,500 வெள்ளியாகவும் குறைந்தது. இறக்கத்தின் படிகள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டன. 2024இல் புதிதாகப் பதிவான மகிழுந்துகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மின்சார வாகனமாக இருந்தது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், சிங்கப்பூரின் ஊக்கங்கள் பெரும்பாலும் முடிந்த ஊக்கங்களே என்பது புலனாகும். கொள்கை மாறியபோது அடுத்து வாங்குவோர் மட்டுமே மாற்றத்தை உணர்ந்தனர். ஏற்கெனவே வாங்கியவர் பெரிதும் பாதிக்கப்படவில்லை.

மலேசியா: எரிவாயுவின் நாற்பதாண்டுகள்

மலேசியாவின் வரலாறு வேறு தளத்தில் தொடங்குகிறது. இந்நாடு எண்ணெயும் எரிவாயுவும் உடைய நாடு. 1983 முதல் எரிபொருள் விலையை அரசே நிருணயித்து வந்தது. 1985 முதல் தேசிய மகிழுந்தை உற்பத்தி செய்யும் நாடு. ஆகவே, இங்கு ஊக்கம் என்பது எரிபொருள் மானியத்தோடும் உள்நாட்டுத் தொழிலோடும் பின்னிக் கிடந்தது.

1984இல் பெட்ரோனாஸ் நிறுவனம் திரெங்கானு மாநிலத்தில் எரிவாயு வாகன முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. கிழக்குக் கரையின் எரிவாயுவை உள்நாட்டிலேயே பயன்படுத்துவதும் நகரக் காற்றின் மாசைக் குறைப்பதும் இதன் நோக்கங்கள். 1990களில் இது கிள்ளான் பள்ளத்தாக்கில் வணிக முறையில் விரிவடைந்தது. எரிவாயுவின் விலை பெட்ரோலைவிட மிகக் குறைவாக வைக்கப்பட்டது. சாலை வரியில் கழிவு தரப்பட்டது. மாற்றுக் கருவியைப் பொருத்தச் சில ஆயிரம் ரிங்கிட் செலவாகும். எரிவாயு உருளை வண்டியின் பின்புறப் பெட்டியில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். நிரப்பும் நிலையங்கள் குறைவு, வரிசையோ நீளம். இத்தொல்லைகளையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு நாள்தோறும் நெடுந்தூரம் ஓடியவர்கள் வாடகை வண்டி ஓட்டுநர்களே. எனவே, அவர்களே இதன் முதன்மைப் பயனாளிகளாயினர்.

தொடர் ஊக்கத்தின் உறுதியின்மையை 2008ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு ஜூன் 5ஆம் நாள் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1.92 ரிங்கிட்டிலிருந்து 2.70 ரிங்கிட்டாக ஒரே இரவில் உயர்ந்தது. எரிவாயுக் கருவி பொருத்தும் பட்டறைகளை நோக்கி மக்கள் விரைந்தனர். ஆனால், உலகச் சந்தை சரிந்தபின் அவ்வாண்டு டிசம்பரிலேயே பெட்ரோல் விலை 1.80 ரிங்கிட்டாக இறங்கியது. ஜூன் மாதக் கணக்கை நம்பிக் கருவி பொருத்தியவருக்கு, லிட்டருக்கு 90 காசு அளவிலான எதிர்பார்ப்பு ஆறே திங்களில் மறைந்தது. முதலீடு மீளும் காலம் நீண்டுகொண்டே சென்றது. எரிவாயுவுக்குத் தந்த ஊக்கத்தைப் பெட்ரோலுக்குத் தந்த மானியமே விழுங்கிற்று எனலாம். ஓர் அரசு இரு கைகளாலும் எதிரெதிர்த் திசையில் தள்ளினால் வண்டி நகர்வது அரிது.

பின்னர் எரிவாயுவின் விலையும் உயர்ந்தது, நிலையங்கள் குறைந்தன. பதினைந்தாண்டு கடந்த உருளைகளின் பாதுகாப்பு கேள்விக்குள்ளாயிற்று. 2025இல் திட்டம் முடிவுற்றமைக்குப் பாதுகாப்பு ஒரு நேர்மையான காரணமே. ஆயினும், ஈயமற்ற பெட்ரோலைப் போல நோக்கம் நிறைவேறியதால் ஏற்பட்ட முடிவன்று இது. தளர்ந்து மறைந்த முடிவு.

இதனை வகுப்பில் விவாதித்தபோது, வாடகை வண்டி ஓட்டுநரின் மகனான மாணவர் ஒருவர், “அரசு சொன்னபடிதானே என் தந்தையார் செய்தார், பிறகு ஏன் அவர் மட்டும் இருமுறை செலவு செய்ய வேண்டும்?” என்று கேட்டார். பொருளியல் நூல்கள் இவ்வினாவைக் கொள்கை நம்பகத்தன்மை என்னும் தலைப்பில் பேசுகின்றன. மாணவரின் கேள்வி அதைவிட நேரானது.

வரிவிலக்கும் நாள்காட்டியும்

ஹைப்ரிட் வாகனங்களின் கதையில் நாள்காட்டியே தலைமைப் பாத்திரம். 2009 முதல் 2000 சி.சி.க்குட்பட்ட இறக்குமதி ஹைப்ரிட் மகிழுந்துகளுக்கு இறக்குமதி வரி முழுவதும் கலால் வரியில் பாதியும் விலக்கப்பட்டன. 2011இல் கலால் வரியும் முழுமையாக விலக்கப்பட்டது. ஆண்டுக்குச் சில நூறாக இருந்த விற்பனை ஆயிரக்கணக்கில் உயர்ந்தது. 2013 இறுதியில் விலக்கு முடிந்தது. 2014ஆம் ஆண்டின் தேசிய வாகனக் கொள்கை, உள்நாட்டில் பொருத்தப்படும் ஹைப்ரிட்டுக்கு 2015 இறுதி வரையும் மின் வாகனத்துக்கு 2017 இறுதி வரையும் விலக்கை நீட்டித்தது. இங்கு ஊக்கத்தின் நோக்கம் காற்றிலிருந்து தொழிற்சாலைக்கு நகர்வதைக் காண்கிறோம்.

2022 முதல் மின் வாகனங்களுக்கும் இவ்வாறே இறக்குமதி, கலால், விற்பனை வரிகள் விலக்கப்பட்டன. முழுமையாக இறக்குமதி செய்யப்படுபவற்றுக்கு இவ்விலக்கு நீட்டிப்புகளுக்குப் பின் 2025 இறுதியோடு முடிந்தது; உள்நாட்டில் பொருத்தப்படுபவற்றுக்கு 2027 இறுதி வரை உண்டு. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின் மகிழுந்தை வெளியிட்டது இப்பின்னணியில் நோக்கத்தக்கது. நாட்டுத் தொழிலை வளர்ப்பது குற்றமன்று. ஆனால், தொழிலுக்கான ஊக்கத்தைக் காற்றுக்கான ஊக்கம் என்று பெயரிடும்போது, அதன் வெற்றியை எதனைக் கொண்டு அளப்பது என்பது மங்கிவிடுகிறது.

மலேசியாவின் மிகப் பெரிய மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்தது. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாயிற்று. 2025 செப்டம்பர் இறுதியில் ரோன் 95 பெட்ரோலுக்கான பொது மானியம் நீக்கப்பட்டு, தகுதியுடைய குடிமக்களுக்கு மட்டும் 1.99 ரிங்கிட் விலை நிறுவப்பட்டது. மானியச் சீரமைப்பை யாரும் தூய்மை வாகன ஊக்கம் என்று அழைக்கவில்லை. எனினும், நாற்பதாண்டுகளாக எரிவாயுவின் வழியை மறித்த தடை எதுவோ அதனைத் தொட்ட நடவடிக்கை இதுவே என்பது எம் கருத்து.

ஊக்கம் யாருக்கு?

2023ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரின் வாகன உரிமைச் சான்றிதழ் சிறிய மகிழுந்துகளுக்கு 106,000 வெள்ளியையும் பெரிய மகிழுந்துகளுக்கு 150,001 வெள்ளியையும் எட்டியது. வண்டியின் விலை இதற்கு மேல். இந்நிலையில் 45,000 வெள்ளித் தள்ளுபடியைப் பெறக்கூடியவர் யார் என்பது வெளிப்படை. அரசும் இதனை ஓரளவு உணர்ந்தே செயற்பட்டது. குறைந்தது 5,000 வெள்ளி பதிவுக் கட்டணம் கட்டியே தீரவேண்டும் என்னும் விதியால், விலை குறைந்த மின் மகிழுந்து வாங்குவோர் தள்ளுபடியை முழுமையாகப் பெற இயலாதிருந்தது. 2022இல் அவ்வடித்தொகை சுழியமாக்கப்பட்டது. இது நல்ல திருத்தம். ஆயினும், மகிழுந்தே வாங்காமல் பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் செல்பவர் மிகத் தூய்மையான பயணி. அவருடைய பெயர் எந்தத் தள்ளுபடிப் பட்டியலிலும் இல்லை. 2030க்குள் பொதுப் பேருந்துகளுள் பாதி மின்சாரத்தில் ஓடும் என்னும் திட்டமே அவருக்குரிய பங்கு.

மலேசியாவில் பதிவான வாகனங்களுள் ஏறத்தாழப் பாதி மோட்டார் சைக்கிள்கள். 2023 இறுதியில் தொடங்கிய திட்டமொன்றில், ஆண்டு வருமானம் 120,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர்கள் மின்சார மோட்டார் சைக்கிள் வாங்க 2,400 ரிங்கிட் வரை கழிவு பெற்றனர். தொகை சிறியது. எனினும், வருமான வரம்பு வைத்ததாலும் உழைக்கும் மக்களின் வாகனத்தைத் தேர்ந்ததாலும் இரு நாட்டு ஊக்க வரலாற்றிலும் இது தனித்துக் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளை முன்வைக்கலாம். முதலாவது, ‘தூய்மை’ என்பது நிலையான பண்பன்று; அரசு எதனை அளக்கிறதோ அதுவே. நால்வர் ஏறிய மகிழுந்து, ஈயமற்ற பெட்ரோல், எரிவாயு, ஹைப்ரிட், டீசல், மின்சாரம் என ஒவ்வொன்றும் தத்தம் காலத்தில் சலுகைக்குரியதாகக் கொள்ளப்பட்டது. இன்றைய மின்கலமும் நாளை இவ்வாறே மறு ஆய்வுக்கு உள்ளாகலாம்.

இரண்டாவது, ஊக்கத்தின் அளவைவிட அதன் கால அமைப்பு முதன்மையானது. வாங்கும் நாளிலேயே தந்து முடித்த ஊக்கம் குடிமகனைக் கொள்கை மாற்றத்திலிருந்து காக்கிறது. ஆண்டுக்காண்டு நீளும் விலைச் சலுகை அவரைக் கொள்கையோடு கட்டிப்போடுகிறது. தொடர் ஊக்கம் தேவைப்படும் இடங்களில், குறைந்தது வாகனத்தின் ஆயுட்காலம் வரையிலாவது அதன் இறக்கப் படிகளை அரசு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்.

மூன்றாவது, முன்னோடிகளின் கடன். புதிய எரிபொருளுக்கு முதலில் மாறியவர்களே நிலையங்களின் வரிசையிலும் கருவியின் பழுதிலும் அதன் குறைகளைச் சோதித்துக் காட்டினர். திட்டம் தோற்றால் அச்சோதனையின் செலவை அவர்கள் மட்டும் ஏற்பது முறையாகாது. திட்டத்தைத் தொடங்கும் நாளிலேயே அதனை முடிக்கும் நாளுக்கான ஈட்டுத்தொகையும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அம்மாணவர் கேட்ட வினாவுக்கு நம்மிடம் உள்ள விடை இதுவே. மின் வாகனங்களின் பெயரால் புதிய வாக்குறுதிகள் எழுதப்பட்டு வரும் இக்காலத்தில், அவ்வினாவை ஆட்சியாளரும் ஆசிரியரும் நினைவில் வைத்திருத்தல் நலம்.